இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். என் முதுகைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் சுகம். உன் கண் எப்படி இருக்கிறது? அத்தானுக்குச் சர்க்கரை இறங்கியதா, இல்லை இன்னும் ஒளித்துவைத்துத் தின்கிறாரா?

ஆளுக்கு முப்பது வருஷம் கம்ப்யூட்டரோடு மாரடித்துவிட்டுக் கடைசியில் இரண்டு பேரும் காகிதத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். திரையைப் பார்க்கக் கூடாது என்று உனக்கு டாக்டர் உத்தரவு. போனில் காது சரியாகக் கேட்கவில்லை என்கிறாய். எனக்கும் வீட்டுக்கு வந்த பிறகு, ஒளிராத எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் நிம்மதி.

நீ ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை, உன் பாரம் என் தலையில் இறங்கிவிட்டது. அட்டை வெட்டும் இயந்திரத்தின் நிரல் முழுவதையும் புதுக் கம்பைலருக்கு மாற்ற வேண்டுமாம். சி நிரலுக்கு நடுவே, வன்பொருளோடு நேரடியாகப் பேசுவதற்காக நீ அசெம்பிளியில் எழுதிச் செருகிய துண்டுகள் இருக்கின்றனவே, அவைதான் தலைவலி. எண்ணிப் பார்த்தேன், இருநூற்றுப் பன்னிரண்டு. நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் வேலையில் பழைய கம்பைலர் பரம சாது. ஒரே மேற்கோள்குறிக்குள் பத்து வரியை அடைத்துக் கொடுத்தாலும் விழுங்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். புதியது ஒவ்வொரு வரியையும் தனி மேற்கோளில் போடு, வரி முடிந்த குறியையும் போடு என்கிறது. சிப்புக்குள் எண்களை வைக்கும் எந்த ரிஜிஸ்டரிலிருந்து எடுக்கிறாய், எதில் வைக்கிறாய், எதைக் கெடுக்கிறாய் என்று வீடு வாடகைக்கு விடுகிறவர் மாதிரி துருவித் துருவிக் கேட்கிறது. ஒரு நாளைக்கு ஆறு துண்டு மாற்றினாலே பெரிது. எங்கள் மேனேஜருக்கு ஆபீஸில் 'நாளைக்குள்' என்று பெயர். அந்தச் சொல் இல்லாமல் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

ஒரு சந்தேகம். ஒரே ஒரு துண்டில் மட்டும் பக்கத்தில் 'வோலட்டைல்' என்று போட்டிருக்கிறாய். இந்த வரியை நீக்காதே, நகர்த்தாதே, கேட்கும்போதெல்லாம் மறுபடி செய் என்று கம்பைலரைக் கட்டிப்போடும் சொல். நிறுத்தும் பொத்தானைப் படிக்கிற இடம் அது. மற்ற இருநூற்றுப் பதினொன்றில் அது இல்லை. அங்கே மட்டும் ஏன் போட்டாய்? காரணம் தெரிந்தால் மற்றவற்றுக்கும் என்ன செய்வதென்று முடிவெடுப்பேன்.

பதில் போடு. அவசரமில்லை, நாளைக்குள் போதும்.

தம்பி


ஜனவரி 30

தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு சிரித்தேன். அக்கம்பக்கத்தில் சிரிப்பதற்கு ஆளில்லாததால் உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். அவருக்குச் சர்க்கரை இறங்கவில்லை. நான் அலமாரியைப் பூட்டுகிறேன், அவர் சாவியைக் கண்டுபிடிக்கிறார், இதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

என் கண்ணுக்குச் சொட்டு மருந்து தொடர்கிறது. மாடிப்படி ஏறினால் முழங்கால் சத்தம் போடுகிறது. மகள் வேலைக்குப் போனபிறகு வீடு அமைதியாகிவிடும், ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

அத்தனை துண்டையும் நீ ஒருவனே மாற்றுவதா? ஆள் கேள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்துக்கொள். உன் மச்சான் எப்படி இருக்கிறார்? இந்தக் குளிரில் அவருக்கு இடது கை வலிக்கிறதா? வலித்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். மறக்காமல் சொல்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லும்,
அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். தலையணை வைத்தேன். இப்போது தலையணைக்கும் முதுகுவலி வந்திருக்கும். உங்கள் சாவி விளையாட்டில் இந்த வாரம் யார் ஜெயித்தது?

எழுபத்து நான்கு துண்டு முடித்தேன். எடுத்துக்கொண்ட ரிஜிஸ்டரையே கெடுத்த பட்டியலிலும் எழுதியிருக்கிறாய். அந்தக் காலத்தில் அது செல்லும். புதியது, இரண்டில் ஒன்றைச் சொல் என்று நிற்கிறது. இருபது முப்பது இடத்தில் இதே கதை.

மச்சான் கையைப் பற்றிக் கேட்டாய். ஞாயிறு தவறாமல் வருகிறார். தன் அண்ணன் வருகிறார் என்றால் என் மனைவி காலையிலிருந்தே அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. போன வாரம் பேச்சு எப்படியோ அந்த விபத்துக்குப் போய்விட்டது. பத்தொன்பது வருஷம் ஆகிறது, அக்கா. நம் கம்பெனிச் சோதனைக் கூடத்தில் அன்றைக்கு அட்டை கோணலாகச் சிக்கிக்கொண்டது. வலது கையால் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் இடது கையை உள்ளே விட்டேன் என்று அவர் தலையில் அடித்துச் சொன்னார். கத்தி இறங்கியது. இரண்டு விரல் போயிற்று. அப்புறம் வேலையும் போயிற்று. பொத்தானை அமுக்கினால் அதை இயந்திரம் குறித்துவைக்கும். அந்தப் பதிவை அச்சிட்டு விசாரணையில் வைத்தவன் நான்தானே. அதில் அமுக்கியதாக ஒன்றுமில்லை. என் மனைவியிடமே, "மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று சொன்னேன். அவளும் நம்பினாள்.

இந்த ஞாயிறு மச்சானே என்ன சொன்னார் தெரியுமா? "வயசாக வயசாக எனக்கே சந்தேகமா இருக்கு மாப்ளே. ஒருவேளை நான் அமுக்கவே இல்லையோ என்னவோ." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அந்த ஒரு வோலட்டைல் பற்றி நீ சொல்லவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்றுமில்லை என்று நம்புகிறேன்.

நீ கேட்டது நினைவில்லை. பழக்கத்தில் போட்டிருப்பேன். எதற்கும் அதை எடுத்துவிடாதே. மற்றவற்றிலும் போட்டுவிடு. காரணம் ஆராய்ந்துகொண்டிருந்தால் வேலை முடியாது.

மச்சான் இனிமேல் அந்தப் பேச்சை எடுத்தால் வேறு ஏதாவது பேசு. அவர் அப்படிச் சிரித்தார் என்று எனக்கு எழுதாதே.

அக்கா


மார்ச் 28

அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதை இன்றைக்கு ஒத்திவைக்கிறேன்.

பழக்கத்தில் போட்டிருந்தால் இருநூற்றுப் பன்னிரண்டிலும் போட்டிருப்பாய். மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆபீஸில் ஒரு மேசையைக் காலி செய்து, இயந்திரத்தின் பழைய கட்டுப்பாட்டுப் போர்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்தேன். கத்திக்குப் பதிலாக ஒரு விளக்கைப் பொருத்தினேன். பொத்தானை இணைத்தேன். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, பழைய கம்பைலரிலேயே, நாம் விற்பனைக்கு அனுப்பும்போது வைக்கும், நிரலின் அளவைச் சுருக்கும் அமைப்போடு நிரலை ஏற்றினேன்.

அட்டை உள்ளே போய் நின்ற பிறகு கத்தி இறங்க நாலு விநாடி. அந்த நாலு விநாடியும் நிரல் பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது பார்க்கவில்லை, அக்கா. திரும்பத் திரும்ப ஒரே கேள்விதானே என்று கம்பைலர் அந்த வரியைச் சுற்றுக்கு வெளியே தள்ளிவிட்டது. முதலில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. நான் அமுக்கினேன். விடாமல் அமுக்கினேன். நாலாம் விநாடி விளக்கு எரிந்தது. பதிவைத் திறந்தேன். பொத்தான் அமுக்கப்படவில்லை என்று இருந்தது. தான் பார்த்ததைத்தானே அது எழுதும்.

பிறகு பழைய பதிப்புகளைத் தோண்டினேன். மச்சானுக்கு விபத்து நடந்த அன்று ஓடிய பதிப்பில் அந்தச் சொல் இல்லை. நாற்பத்தொரு நாள் கழித்து வந்த பதிப்பில் இருக்கிறது. மாற்றத்துக்கான குறிப்பு 'சிறு திருத்தம்'. கீழே உன் முதலெழுத்து.

உனக்கு எப்போது தெரியும்?

தம்பி


மே 4

அக்காவுக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. அத்தானுக்குப் போன் செய்தேன். நீ நன்றாகச் சாப்பிடுகிறாய், நன்றாகத் தூங்குகிறாய் என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

நூற்றைம்பத்தொன்பது துண்டு முடிந்தது. மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

தம்பி


மே 20

தம்பிக்கு,

உன் அத்தான் பொய் சொல்லியிருக்கிறார். நான் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை. நீ நலமா என்று கேட்கும் யோக்கியதையும் எனக்கில்லை. சொல்லிவிடுகிறேன்.

விபத்து நடந்த ஒன்பதாவது நாள் தெரிந்தது. அதற்கு முந்தின வாரம்தான் நிரல் சிப்பில் அடங்காமல் முந்நூறு பைட் வழிந்தது. மறுநாள் அனுப்பியாக வேண்டும். சுருக்கும் அமைப்பைப் போட்டேன். அடங்கிவிட்டது. மறுபடி எல்லாவற்றையும் சோதித்திருக்க வேண்டும். ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். எனக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

நீ விளக்கு வைத்துச் செய்த சோதனையை நான் அப்போதே செய்தேன். விசாரணையன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். நீ அந்த அச்சுத் தாளை, விசாரணை நடத்திய பெரியவர் முன்னால் வைத்தாய். உன் மச்சான் கட்டுப்போட்ட கையோடு எதிரே உட்கார்ந்திருந்தார். "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று பெரியவர் கேட்டார். என்னைப் பார்த்துக்கூடக் கேட்டார். நான் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால் என் வேலை போகும். தப்பான சாட்சியை வைத்தவன் என்று உன் வேலையும் போகும். உன்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடினேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெளியே போயிருந்த ஆறு இயந்திரத்துக்கும் வழக்கமான சர்வீஸ் என்று சொல்லி நானே அலைந்து சிப்பை மாற்றினேன். ஆறையும் சரி செய்துவிட்டேன், அவர் ஒருவரைத் தவிர. பஸ்ஸில் யாராவது கம்பியை இடது கையால் பிடித்தால் விரல்களை எண்ணுகிறேன். காது மந்தம் என்றது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. போனில் நீ கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டுமே.

என்ன செய்யட்டும் என்று சொல்.

அக்கா


ஜூன் 3

அக்காவுக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள், சாப்பிடு. இதைச் சொல்வதால் கோபம் இல்லை என்று அர்த்தமில்லை.

என்னைக் காப்பாற்ற என்று மட்டும் எழுதாதே. நான் கேட்டேனா? வேலை போயிருந்தால் போயிருக்கட்டும், வேறு வேலை தேடியிருப்பேன். பத்தொன்பது வருஷமாக என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த மனிதர் தலையைக் குனிந்துகொள்கிறார். யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் பாத்திரம் கீழே விழுந்தால் எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு எழுது. கம்பெனிக்கும் எழுது. நீதான் எழுத வேண்டும். தேதி, பதிப்பு எண், எல்லாம் நான் தருகிறேன். தாமதிக்காதே. நீ சொல்லாத ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு நாள்.

தம்பி


ஜூன் 16

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

நீ சொன்னது அத்தனையும் நியாயம். இப்போது நான் ஒன்று கேட்கிறேன். மார்ச்சிலிருந்து உன் உறையின் பின்னால் ஆபீஸ் முகவரி இருக்கிறது. அதற்கு முன் வீட்டு முகவரி போடுவாய். என் பதில் உன் மனைவி கண்ணில் படக் கூடாது என்றுதானே? நீ இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நமக்கு இது குடும்ப வியாதி போலிருக்கிறது.

இரண்டு கடிதத்தையும் இன்று காலை நானே தபாலில் போட்டேன். ஒன்று மச்சானுக்கு, ஒன்று கம்பெனிக்கு. திரும்ப எடுக்க முடியாதபடி பெட்டிக்குள் விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன். மூன்று நாளில் கிடைக்கும். அதற்குள் நீ சொல்ல வேண்டியவளிடம் சொல்லிவிடு. அண்ணன் வாயால் அவளுக்குத் தெரிந்தால் நீ அந்த வீட்டில் எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்தை வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன்.

அக்கா


ஜூன் 25

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் பரவாயில்லை.

உன் கடிதம் வருவதற்கு முந்தின சாயங்காலம் சொல்லிவிட்டேன். எனக்குத் தைரியம் வந்ததால் இல்லை, மறைத்து மறைத்து அலுத்துவிட்டது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மார்ச் கடைசியில."

"இது ஜூன்."

மடித்த துணியை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"எங்கண்ணனுக்கு மூணு மாசமா ஞாயித்துக்கிழமையானா நீங்களே காப்பி போட்டுக் குடுத்தீங்களே, அதுக்குத்தானா? நான்கூடப் பெருமையா நெனச்சேன்."

அதற்கப்புறம் அவள் என்னோடு வேண்டியதை மட்டும் பேசுகிறாள். உப்பு போதுமா, விளக்கை அணைக்கட்டுமா, அவ்வளவுதான். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. கூடப் பிறந்தவனை விட்டுவிட்டு என்னை நம்பினவள்.

மச்சானுக்கு உன் கடிதம் கிடைத்த மறுநாள் ஆபீஸுக்கே வந்தார். வாசலில் காவலாளி பெயர் கேட்டபோது திணறிவிட்டாராம். மேசையில் அந்தப் போர்டை வைத்துக் காட்டினேன். அவர் என்ன சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். உனக்குத் தானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மேனேஜர் 'நாளைக்குள்' உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "பழைய ஃபைல், மேல கேக்கணும், பாக்கலாம்" என்றார். நாளைக்குள் என்று அவர் சொல்லாதது இதுதான் முதல் தடவை. விசாரணையில் அந்தத் தாளை வைத்தவன் நான் என்று நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

துண்டுகள் எல்லாம் முடிந்தன. இருநூற்றுப் பன்னிரண்டிலும் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். தூக்கம்தான் வந்தது.

தம்பி


ஜூலை 9

அக்கா அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மச்சான் எழுதுவது. நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. கேட்காமல் கடிதம் தொடங்கியும் பழக்கமில்லை. அதனால் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். நிரல் சமாசாரம் எனக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளை மேசையில் வைத்துக் காட்டியபோதுதான் விளங்கியது. பொத்தானை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினார். விளக்கு எரிந்தது. இன்னொரு தடவை என்றேன். பதினேழு தடவை அமுக்கினேன். மாப்பிள்ளை அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. உங்களுக்கு நன்றி சொல்லக்கூட வாய் வந்துவிட்டது. அதை நினைத்துத்தான் இப்போது கோபம் கோபமாக வருகிறது. இரண்டு விரல் போனதற்குக்கூட நான் உங்களை ஒன்றும் சொல்ல மாட்டேன். வேலையில் தப்பு வரும். அலுப்பு எனக்கும் தெரியும். ஆனால் அந்த அறையில் நான் உங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்ததை நானே நம்பாமல் இத்தனை காலம் இருந்துவிட்டேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவேன். குழந்தைகளை யாராவது தூக்கச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

உங்களை மன்னிப்பதா வேண்டாமா என்று யோசிக்க எனக்கு இப்போது தெம்பில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். கம்பெனி என்ன செய்யுமோ செய்யட்டும். நான் கேட்பது வேறு.

எனக்கு ஒரு மகள். படித்து முடித்தபோது இயந்திரத் தொழிற்சாலையில் அவளைக் கூப்பிட்டார்கள். ஆசையாகத் துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள். நான்தான் போகாதே என்றேன். "நம்ம கைக்கு அந்த வேலை ஆகாதும்மா, நமக்கு நிதானம் பத்தாது" என்று சொன்னேன். என்னை வைத்து அவளையும் அளந்துவிட்டேன். அவளும் போகவில்லை. இப்போது ஒரு கடையில் பில் போடுகிறாள், ஏழு வருஷமாக. அங்கே சில்லறை தவறிக் கீழே விழுந்தால், அப்பா மாதிரி எனக்கும் கை நிதானமில்லை என்று சொல்லிச் சிரிப்பாளாம். அவள் தோழி சொன்னாள்.

இதை நான் போய்ச் சொன்னால் அப்பா மனசு ஆறுவதற்காகச் சொல்கிறார் என்று தலையாட்டுவாள். மாப்பிள்ளை சொன்னாலும் குடும்பத்து ஆள் சமாதானம் பேசுகிறார் என்பாள். நீங்கள் சொன்னால் நம்புவாள். எனக்கு இனி எழுத வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள். உங்க அப்பா பொத்தானை அமுக்கினார் என்று எழுதுங்கள். முகவரி கீழே இருக்கிறது.